வர்த்தகப் பற்றாக்குறையும் சுங்க நேரமும்: சேலத்தில் தப்பாகப் படிக்கப்படும் கணக்குகள்

மாதாமாதம் 15ஆம் தேதி வாக்கில் வணிக அமைச்சகம் ஏற்றுமதி, இறக்குமதிக் கணக்கை வெளியிடும். மறுநாளே நம் சேலத்து வெள்ளிக் கடைவீதியான செவ்வாய்ப்பேட்டையில் "நாட்டுக்கு இத்தனை லட்சம் கோடி நஷ்டமாம்" என்று பேச்சு கிளம்பிவிடும். ஏற்றுமதியை விட இறக்குமதி எவ்வளவு கூடுதல் என்பதுதான் வர்த்தகப் பற்றாக்குறை; அது நஷ்டக் கணக்கு அல்ல. நம் வெள்ளித் தேவையில் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்துதான் வருகிறது. கட்டி வெள்ளி இறங்காவிட்டால் கொலுசுப் பட்டறையில் கைக்கு வேலை ஏது?

சரக்கை மட்டும் பார்ப்பது அடுத்த தவறு. 2024-25இல் சரக்கு ஏற்றுமதி சுமார் 437 பில்லியன் டாலர், இறக்குமதி சுமார் 720 பில்லியன். பார்த்தால் பகீரென்றுதான் இருக்கும். ஆனால் மென்பொருள் உள்ளிட்ட சேவைகளில் கிடைத்த உபரியைச் சேர்த்தால் பற்றாக்குறை 100 பில்லியனுக்குக் கீழே வந்துவிடுகிறது. இன்னொன்று: ஏற்றுமதிக்குக் கப்பலேற்றும் வரையிலான விலையை மட்டும் எழுதுகிறோம், இறக்குமதியில் கப்பல் வாடகையும் காப்பீடும் சேரும்; அதனாலும் இடைவெளி பெரிதாகத் தெரியும்.

முதலில் வரும் எண்ணை அப்படியே நம்பவும் கூடாது. 2024 நவம்பரில் பற்றாக்குறை ஏறக்குறைய 38 பில்லியன் டாலர், வரலாறு காணாத உச்சம் என்று செய்தி வந்தது. தங்க இறக்குமதி மட்டுமே சுமார் 15 பில்லியன் என்றார்கள். பிறகு பார்த்தால் தங்கம் இருமுறை எண்ணப்பட்டிருந்தது. அது 10 பில்லியனுக்குக் குறைய, பற்றாக்குறையும் 32 பில்லியனுக்கு இறங்கியது. திருத்தம் வந்தபோது எந்தக் கடையிலும் பேச்சில்லை!

சுங்க நேரத்துக்கு, அதாவது சரக்கு துறைமுகம் வந்ததிலிருந்து சுங்க அனுமதி கிடைக்கும் வரை ஆகும் நேரத்துக்கு, வருவோம். துறைமுக இறக்குமதிக்கு 48 மணி, ஏற்றுமதிக்கு 24 மணி என்பது அரசு வைத்திருக்கும் இலக்கு. சேலத்திலிருந்து தூத்துக்குடிக்கு லாரி போகும் நேரம் அந்த ஏற்றுமதிக் கணக்கில் கிடையாது. சுங்க அனுமதி கிடைத்த பிறகு கப்பல் கிளம்பக் காத்திருக்கும் நாட்களும் கிடையாது. அவைதான் பெரும்பாலும் நீளமானவை. அனுமதித் தேதியை வைத்து வாங்குபவருக்கு வாக்குக் கொடுத்தால் மாட்டிக்கொள்வீர்கள்.

தாமதம் என்றதும் சுங்கத்தைத் திட்டுவது நம்மூர் வழக்கம். ஆனால் பில் ஆஃப் என்ட்ரியை, அதாவது இறக்குமதிக்குச் சுங்கத்தில் தரும் அறிவிப்புப் படிவத்தை, சரக்கு வருவதற்கு முந்தைய நாளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும் என்பது 2021 முதல் உள்ள விதி. தவறினால் முதல் மூன்று நாளுக்குத் தினம் 5,000 ரூபாய், அதன்பின் தினம் 10,000. பட்டறைக்கு மெஷின் வரவழைப்பவர் கப்பல் வந்த பிறகு சுங்கப் புரோக்கரைத் தேடினால் யாரைக் குறை சொல்வது?

எனக்கு எரிச்சல் தருவது மாவட்டக் கட்டம். 2020 பிப்ரவரி முதல் ஷிப்பிங் பில்லில், அதாவது ஏற்றுமதிக்குச் சுங்கத்தில் தரும் படிவத்தில், சரக்கு எந்த மாவட்டத்தில் உருவானது என்று எழுத வேண்டும். சேலத்து ஜவ்வரிசியையோ ஏற்காட்டுக் காபியையோ வெளியூர் வியாபாரி வாங்கி, தன் ஊர்ப் பெயரைப் போட்டு அனுப்பினால் அந்த ஏற்றுமதி அந்த ஊர்க் கணக்கில் ஏறும். பிறகு "சேலத்தில் ஏற்றுமதியே இல்லை" என்று அந்தக் கணக்கைக் காட்டுவார்கள். விற்கும்போதே பில்லில் மாவட்டத்தைக் குறிப்பிட்டு, ஷிப்பிங் பில் நகலைக் கேட்டு வாங்குங்கள்.

சரக்கு எந்த வகை என்று சுங்கத்துக்குச் சொல்லும் எண்ணான சரக்குக் குறியீட்டிலும் அசட்டை வேண்டாம். ஒரே சேகோ ஃபேக்டரியில் வந்தாலும் ஜவ்வரிசி 1903, மரவள்ளி ஸ்டார்ச் 1108. மாற்றிப் போட்டால் நாட்டின் புள்ளிவிவரம் கோணலாகும்; உங்கள் கண்டெய்னரும் விளக்கம் கேட்டு நிற்கும்.