பதற்ற மாத்திரை பழக்கமாவது எப்படி? தவிர்க்க வேண்டிய தவறுகள்

அல்பிரசோலம், குளோனசெபாம், லோரசெபாம், டயசெபாம். ‘நரம்பு மாத்திரை’, ‘தூக்க மாத்திரை’ என்று வீட்டில் சொல்வது பெரும்பாலும் இவற்றில் ஒன்றைத்தான். நான்கும் பென்சோடயசெபைன் வகை. மூளையின் படபடப்பைத் தணிக்கும் ‘காபா’ என்ற வேதிப்பொருளின் வேலைக்கு இவை வலுச் சேர்க்கின்றன. நிம்மதி சீக்கிரம் கிடைத்துவிடுவதால்தான் விடுவதும் கடினமாகிறது.

இரண்டு வாரத்துக்கு எழுதித் தந்ததை இரண்டு வருடம் தொடர்வது முதல் தவறு. தினமும் போட்டால் சில வாரங்களிலேயே மூளை அதற்குப் பழகிவிடும். பழைய அளவு போதாது. அப்போது 0.25 மில்லிகிராமைத் தாமாகவே 0.5 ஆக்கிக்கொள்கிறார்கள்.

எல்லாவற்றிலும் மோசமான தவறு வேறு. ஒருவருக்கு ஒரு நாள் இரவு மாத்திரை தீர்ந்துவிடுகிறது. விடிய விடியத் தூக்கமில்லை. காலையில் கை நடுங்குகிறது, உள்ளங்கை வியர்க்கிறது, சமையலறையில் டம்ளர் விழுந்தால்கூடத் தூக்கிவாரிப் போடுகிறது. “பழைய நோய் திரும்பிவிட்டது, மாத்திரை இல்லாமல் என்னால் முடியாது” என்று முடிவு கட்டிவிடுகிறார். பல நேரங்களில் அது மாத்திரையை விட்டதால் வந்த தொல்லை. மீண்டும் போட்டதும் அடங்கிவிடுவதால், அந்தத் தவறான முடிவே உறுதிப்படுகிறது. அல்பிரசோலத்தில் இது இன்னும் வேகம்: சுமார் 11 மணி நேரத்தில் இரத்தத்தில் அதன் அளவு பாதியாகிவிடும். அடுத்த வேளைக்கு முன்பே பதற்றம் தலைதூக்கலாம்.

இதை அறிந்து பயந்துபோய் ஒரே நாளில் நிறுத்திவிடாதீர்கள். வீட்டிலுள்ளவர்களும் அட்டையைப் பிடுங்கி எறிய வேண்டாம். நெடுநாள் போட்டவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிரே போகலாம். மருத்துவர்கள் வழக்கமாக 2 முதல் 4 வாரங்களுக்கு ஒருமுறை 5 முதல் 10 சதவீதம் என்று குறைத்துக்கொண்டே வருவார்கள். மாதக்கணக்கில் ஆகும்; ஆகட்டும்.

பழைய சீட்டைக் காட்டி வாங்குவதையும் விடுங்கள். 2014 முதல் இந்தியாவில் இவற்றில் அல்பிரசோலமும் டயசெபாமும் எச்1 என்ற கண்காணிப்பு அட்டவணை மருந்துகள். யார் எழுதினார், யாருக்கு, எவ்வளவு என்று கடைக்காரர் தனிப் பதிவேட்டில் குறித்து, மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். சீட்டில்லாமல் தரமாட்டேன் என்கிற கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள், அவர் உங்களுக்கு நல்லதுதான் செய்கிறார்.

மதுவோடும், டிரமடால் போன்ற வலி மருந்துகளோடும் சேர்ந்தால் மூச்சே அடங்கிவிடக்கூடும். முதியவர்கள் இரவில் எழும்போது தடுமாறி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்கிறார்கள். தமக்குக் கேட்டதென்று பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு ஒன்றைப் பிய்த்துக் கொடுப்பவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

சீட்டு எழுதும்போதே “எத்தனை நாள் போட வேண்டும், எப்படி நிறுத்துவது?” என்று மருத்துவரிடம் கேளுங்கள். நெடுநாள் பதற்றத்துக்கு மனநல ஆலோசனையும், பழக்கமாகாத வேறு மருந்துகளும் உண்டு; அவை வேலை செய்யச் சில வாரங்கள் பிடிக்கும். ஏற்கெனவே சிக்கியிருப்பவர்கள் எங்கே போவதென்று தெரியாவிட்டால், அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் இலவச எண் 14416-ஐ அழைக்கலாம். தமிழிலேயே பேசலாம்.