நிகராகுவாவின் கரீபியன் கரை: மெஸ்திசோக்கள் தன்னாட்சியை எப்படிப் பார்க்கிறார்கள்? தவிர்க்க வேண்டிய தவறுகள்

நிகராகுவாவின் கரீபியன் கரைக்கு 1987-இல் கிடைத்த தன்னாட்சியைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் மிஸ்கிட்டு பழங்குடி மக்களோடு தொடங்கி அவர்களோடே முடித்துவிடுகிறார்கள். அங்கே இன்று பெரும்பான்மை மெஸ்திசோக்கள், அதாவது ஸ்பானிஷ் பேசும் ஐரோப்பிய-பழங்குடிக் கலப்பு வம்சாவளியினர். சட்டமும் அவர்களைக் கரையின் மக்களில் ஒரு பிரிவாகவே சொல்கிறது. ஆகவே 'பழங்குடிகளுக்கு மட்டுமான தன்னாட்சி' என்று எழுதாதீர்கள். மெஸ்திசோக்களிலேயே பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

அதைக் கேட்டதும் இனவெறுப்பு என்று முடிவுகட்டுவதும் அவசரம்தான். வெறுப்பே இல்லை என்று சொல்ல வரவில்லை. ஆனால் நுவேவா கினேயாவைப் பாருங்கள். தன்னாட்சிப் பிராந்தியத்துக்குள், 1965-இல் நிலமற்ற விவசாயிகள் குடியேறி உருவான ஊர். பிராந்தியத் தலைநகர் புளூஃபீல்ட்ஸ். நேரடிச் சாலை வருவதற்கு முன்பு அங்கே போக எல் ராமா வரை பஸ், அப்புறம் எஸ்கொண்டிதோ ஆற்றில் படகு. மனாகுவாவுக்கோ தரைவழியாகவே போய்விடலாம். அரசு அலுவலக வேலைகள் பலவும் நெடுங்காலமாக மேற்கே ஹுயிகல்பா நகரோடு பிணைந்திருந்தன. பழைய செலாயா மாகாணத்தின் நடுப்பகுதி என்ற பொருளில் இந்த வட்டாரத்தை 'செலாயா சென்ட்ரல்' என்று தனியாகவே சொல்வதும் உண்டு. காரியம் மேற்கே நடக்கும்போது கிழக்கே புளூஃபீல்ட்ஸில் இருக்கும் தன்னாட்சி மன்றத்தை யார் தமதென்று நினைப்பார்கள்?

நிலத்தை விட்டுவிட்டுப் பேசுவது எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு. 2003-இல் வந்த 445-ஆம் எண் சட்டம் பழங்குடி, ஆப்பிரிக்க வம்சாவளிச் சமூகங்களின் பொது நிலத்துக்குப் பட்டா தர வழிசெய்தது. அந்த நிலத்தில் பட்டா இல்லாமல் இருக்கும் வெளியார் இழப்பீடின்றி வெளியேற வேண்டும். இல்லையென்றால் சமூகத்துக்கு வாடகை கட்ட வேண்டும். முறையான பழைய பட்டா இருப்பவர் தொடரலாம், விற்பதானால் நிலத்தில் தாம் செய்த மேம்பாடுகளைச் சமூகத்துக்குத்தான் விற்க வேண்டும். ஒரு மெஸ்திசோ விவசாயிக்குத் தன்னாட்சி என்றால் முதலில் நினைவுக்கு வருவது இந்தப் பயமாக இருந்தால் ஆச்சரியமில்லை. அதற்காக மிஸ்கிட்டு, மயங்னா பழங்குடிக் கிராமங்கள் ஆயுதம் ஏந்திய ஆக்கிரமிப்பாளர்களிடம் உயிரையும் நிலத்தையும் இழப்பதைச் சிறிதாக்கிவிடக் கூடாது.

எல்லா மெஸ்திசோக்களையும் 'கொலோனோ', அதாவது குடியேறி, என்று ஒரே பெயரில் அடைக்காதீர்கள். சியுனாவின் தங்கச் சுரங்கத்துக்குத் தாத்தா காலத்தில் வந்த குடும்பமும், போன வருடம் காட்டை எரித்து மாடு மேய்க்க வந்தவரும் ஒன்றல்ல.

'தன்னாட்சியை ஆதரிக்கிறீர்களா?' என்ற கேள்வியால் பெரிதாக எதுவும் தெரியாது. நிலத்தகராறு வந்தால் யாரிடம் போவீர்கள், எந்தக் காகிதம் கையில் இருக்கிறது என்று கேட்டால் விவரம் வரும். 2023-இல் யதாமா என்ற பழங்குடிக் கட்சியின் அங்கீகாரமே ரத்தானது. அப்படிப்பட்ட சூழலில் ஒருவர் பதில் சொல்லாமல் போனால் அதை 'அக்கறை இல்லை' என்று குறித்துக்கொள்ள வேண்டாம்.