ஒரே மெஷினில் மூன்று சோல்: லாட் அளவு போடுவது எப்படி?

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை பக்கம் ஷூ கம்பெனிகளுக்கு சோல் அடித்துக் கொடுப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். இருப்பது ஒரு மெஷின். ஜென்ட்ஸ், லேடீஸ், கிட்ஸ் என்று மூன்று மோல்டு. ஒன்றை எத்தனை ஜோடி அடித்துவிட்டு அடுத்ததை மாட்டுவது? அந்த எண்ணிக்கைதான் லாட்.

ஒவ்வொரு சோலுக்கும் தனியாக லாட் கணக்குப் போடாதீர்கள். லேடீஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஜென்ட்ஸ் இருப்பு தீர்ந்துவிடும். முதலில் மூன்றுக்கும் பொதுவாக ஒரு சுற்று நாளை, அதாவது மூன்றையும் ஒரு தடவை அடித்துவிட்டு மறுபடி முதல் சோலுக்கு வர எத்தனை நாள் என்பதை, கண்டுபிடியுங்கள். லாட் தானாக வரும்.

படி 1: மெஷின் தாங்குமா?
உதாரணத்துக்கு, தினசரித் தேவை ஜென்ட்ஸ் 400, லேடீஸ் 300, கிட்ஸ் 150 ஜோடி. நாள் முழுக்க ஒரே சோலை அடித்தால் வருவது முறையே 1000, 1200, 1500. தேவையை உற்பத்தியால் வகுத்தால் 0.4, 0.25, 0.1, மொத்தம் 0.75. இந்த மொத்தம் 1-ஐத் தொட்டுவிட்டால் மேற்கொண்டு கணக்கே வேண்டாம், இன்னொரு ஷிப்ட்தான் வழி.

படி 2: குறைந்தபட்ச சுற்று
ஒரு மோல்டு மாற்ற கால் நாள், மூன்றுக்கு 0.75 நாள். அதை, படி 1-இல் மீதியான 0.25-ஆல் (1 − 0.75) வகுத்தால் 3 நாள். இதற்குக் கீழே போகவே முடியாது.

படி 3: சிக்கனமான சுற்று
ஒரு மாற்றத்துக்குக் கூலி, வீணாகும் மெட்டீரியல் எல்லாம் சேர்த்து ரூ.400, மூன்றுக்கு 1200. ஒரு ஜோடியை ஒரு நாள் வைத்திருக்கும் செலவு முறையே 5, 4, 2 பைசா. இந்தச் செலவை, தேவையோடும் (1 − படி 1 விகிதம்) என்பதோடும் பெருக்குங்கள்: ரூபாயில் 12, 9, 2.7. கூட்டினால் 23.7.

சுற்று = √(2 × 1200 ÷ 23.7) ≈ 10 நாள்.

3 நாளைவிட அதிகம், சரி. தினசரித் தேவையை 10-ஆல் பெருக்கினால் லாட்: 4000, 3000, 1500 ஜோடி. ஓட்டம் 7.5 நாள், மோல்டு மாற்ற 0.75, மிச்சம் 1.75 நாள். அந்த மிச்சத்தைப் பார்த்து லாட்டைக் கூட்டிவிடாதீர்கள், சர்வீஸுக்கும் கரண்ட் கட்டுக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

கிட்ஸை ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று அடித்து, சுற்று நாளையும் அதற்கேற்ப மாற்றினால் நாளுக்கு ஒன்பது ரூபாய் போல மிச்சமாகும். ஆரம்பத்தில் அந்தத் தலைவலி வேண்டாம்.

அப்புறம், வரிசை. வெள்ளை, பிரவுன், கறுப்பு என்று வெளிர் நிறத்திலிருந்து அடர் நிறத்துக்குப் போனால், பழைய நிறத்தைத் தள்ள வீணாகும் மெட்டீரியல் குறையும். ஒரு மாற்றத்தின் செலவு ரூ.300-ஆகக் குறைந்தால் சுற்று 8.7 நாள், ஜென்ட்ஸ் லாட் சுமார் 3500.