தஞ்சையிலிருந்து மட்டாஞ்சேரி யூதப்பள்ளிக்கு: கிழமை பார்த்துக் கிளம்புங்கள்

கொச்சி வரை போயும் பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்புவதற்குப் பெரும்பாலும் கிழமைதான் காரணம். வெள்ளி பொழுது சாய்ந்ததிலிருந்து சனி இரவு வரை யூதர்களுக்கு ஓய்வு நாள். அதனால் மட்டாஞ்சேரியில் யூதர்கள் வழிபடும் கூடமான பரதேசி யூதப்பள்ளிக்கு (பரதேசி என்றால் இங்கே வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள்) வெள்ளி, சனி இரண்டையும் தவிர்த்துவிடுங்கள். கொச்சிக்கு வடக்கே உள்ள பறவூர், சேந்தமங்கலம் யூதப்பள்ளிகள் இப்போது அருங்காட்சியகங்கள். அங்கே திங்கள் விடுமுறை. ஆகவே அடுத்தடுத்த நாட்களில் எல்லாவற்றையும் பார்க்கச் செவ்வாய், புதன், வியாழன்தான் தோது. காலாண்டு விடுமுறையில் பிள்ளைகளோடு போகிறவர்கள் யூத நாட்காட்டியையும் பாருங்கள். அவர்களுடைய புத்தாண்டும் அதையொட்டிய பண்டிகைகளும் செப்டம்பர், அக்டோபரில்தான் வரும். அன்றும் உள்ளே விடமாட்டார்கள்.

காரைக்கால்–எறணாகுளம் விரைவு வண்டி திருவாரூர், தஞ்சாவூர், திருச்சி வழியாக ஓடி மறுநாள் காலையில் இறக்கிவிடும். திங்கள் மாலை ஏறினால் செவ்வாய் முழுக்கக் கையில் இருக்கும். முதலில் மட்டாஞ்சேரி, மறுநாள் வடக்கே பறவூர், சேந்தமங்கலம்.

பரதேசி யூதப்பள்ளி 1568-ல் கட்டியது. கூடம் சின்னது, அதனாலேயே பலர் பத்து நிமிடத்தில் வெளியே வந்து வாசனைச் சரக்குக் கடைக்குப் போய்விடுகிறார்கள். ஒரு மணி நேரமாவது ஒதுக்குங்கள். தோளும் முழங்காலும் மறையும் உடை வேண்டும், செருப்பைக் கழற்ற வேண்டும். தரையில் கையால் வரைந்த சீன ஓடுகள், நடுவே பித்தளைக் கம்பி சூழ்ந்த வாசிப்பு மேடை, எதிரே யூத வேதமான தோராவின் சுருள்கள் இருக்கும் பேழை. அண்ணாந்து பாருங்கள்: மாடத்திலும் இன்னொரு வாசிப்பு மேடை உண்டு. அது கேரள யூதப்பள்ளிகளுக்கே உரிய அமைப்பு.

நம் ஊர்க்காரர்கள் கட்டாயம் தெரிந்துகொண்டு போக வேண்டியது இந்தப் பள்ளியில் உள்ள செப்பேடு. சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், சுமார் கி.பி. 1000-ல், அதாவது பெரிய கோயில் எழுந்த காலத்தையொட்டி, யூதத் தலைவர் யோசேப்பு ரப்பானுக்கு அஞ்சுவண்ணம் என்ற வணிகக் குழுவின் உரிமையும் 72 விடுபேறுகளும் (சலுகைகளும்) கொடுத்த சாசனம் அது. வட்டெழுத்தில் இருக்கும், படித்துக் காட்டினால் மொழி நமக்குப் பாதிக்கு மேல் புரியும். பகல் விளக்கு, நடக்க விரிக்கும் பாவாடை, குடை, வடுகப் பறை, தோரணம் என்று அதில் வரும் மரியாதைகள் சாமி புறப்பாடு பார்த்தவர்களுக்குப் புதிதல்ல. மூலத்தைப் பொதுவாக வெளியே எடுத்துக் காட்டுவதில்லை. கல்வெட்டு, செப்பேடுகளை வெளியிடும் ‘எபிகிராபியா இண்டிகா’ மூன்றாம் தொகுதியில் பாடம் இருக்கிறது. நகலெடுத்து, ரயிலிலேயே வாசித்துவிடுங்கள்.

பிள்ளைகள் ஹிட்லரைப் பற்றிக் கேட்பார்கள். ஊரிலேயே தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: ஐரோப்பாவில் நாஜிகளும் அவர்களுக்குத் துணை நின்றவர்களும் சுமார் 60 லட்சம் யூதர்களைக் கொன்றார்கள், கொச்சி யூதர்கள் அதற்கு ஆளாகவில்லை. 1948-ல் இஸ்ரேல் உருவானபின் இவர்களில் பெரும்பாலோர் தாங்களாகவே கிளம்பிப் போனார்கள். போலந்தில் யூதத் தெருக்கள் வெறிச்சோடியது கொலையால். மட்டாஞ்சேரித் தெரு வெறிச்சோடியது குடிபெயர்வால். இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது செத்தவர்களுக்கும் போனவர்களுக்கும் செய்யும் அநியாயம். கண்டிப்பான வாத்தியாரை ‘ஹிட்லர்’ என்று அழைக்கும் பழக்கத்தையும் அன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள்.

சேந்தமங்கலத்தில் 1269-ஆம் ஆண்டுக் கல்லறைக் கல் ஒன்று நிற்கிறது. ‘இஸ்ரேலின் மகள் சாரா’ என்று எபிரேயத்தில் பொறித்தது. அதைப் பார்க்காமல் திரும்பாதீர்கள்.