குற்றாலக் குறவஞ்சியை முதன்முறை படிப்பவர்க்கு

தென்காசியை அடுத்த மேலகரத்தைச் சேர்ந்த திரிகூடராசப்பக் கவிராயர், தலபுராணம், சிலேடை, யமக அந்தாதி எனப் புலமை மிகுந்த நூல்கள் பலவற்றைக் குற்றாலத்தின் மீது இயற்றியவர். எனினும் அவர் பெயர் இன்றளவும் நிலைத்திருப்பது, 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆடிப் பாடுவதற்கென அவர் எழுதிய குற்றாலக் குறவஞ்சியால்தான்; குற்றாலத்துச் சிவபெருமானாகிய குற்றாலநாதர் பவனி வரக் கண்டு காதல்கொண்ட வசந்தவல்லிக்குக் குறத்தி ஒருத்தி குறி சொல்வதே அதன் கதை. அத்தகைய நூலைக் காப்பியம் போலக் கருதிக் காப்புச் செய்யுளிலிருந்து வாய்திறவாமல் வாசிக்கத் தொடங்குவோர், குற்றாலநாதரின் பவனியைக் கடப்பதற்குள்ளாகவே சோர்ந்துவிடுவது உண்டு. ஆகவே பின்பகுதியிலிருந்து தொடங்குவதே நல்லது.

முதலில், நெடுநாள் காணாமற்போன தன் மனைவியாகிய அக்குறத்தி சிங்கியைக் குறவன் சிங்கன் கண்டுபிடித்துக் கேள்வி கேட்கும் உரையாடலை எடுத்துக்கொள்ளுங்கள். இயன்றால் இருவர் அமர்ந்து, ஆளுக்கொரு அடியாக வாய்விட்டுப் படியுங்கள்.

"காலுக்கு மேலே பெரிய விரியன்
கடித்துக் கிடப்பானேன் சிங்கி?"

"சேலத்து நாட்டிற் குறிசொல்லிப் பெற்ற
சிலம்பு கிடக்குதடா சிங்கா."

அவள் அணிந்திருப்பவை யாவும் குறி சொல்லிப் பெற்ற பரிசுகள். அவனுக்கோ சிலம்பு விரியன் பாம்பாகவும், பாடகம் என்னும் கால்நகை நெளியும் நாங்கூழாகவும் (மண்புழுவாகவும்) தெரிகின்றன. அவன் குரலில் வியப்பு மட்டுமன்றி ஐயமும் இருப்பதை மறந்து, வெறும் வேடிக்கையாகப் படித்தால் பாதிச் சுவை போய்விடும். கேள்வியின் இறுதியில் வரும் 'சிங்கி'யையும் விடையின் இறுதியில் வரும் 'சிங்கா'வையும் விழுங்காமல் சொல்லுங்கள். தாளம் அங்கேதான் வந்து விழுகிறது.

அடுத்து, குறத்தி தன் மலைவளம் கூறும் பகுதிக்கு வாருங்கள். "தேனருவித் திரைஎழும்பி வானின்வழி ஒழுகும், செங்கதிரோன் பரிக்காலும் தேர்க்காலும் வழுகும்" என்கிறாள் அவள். அருவியின் அலை விண்வரை எழுந்து பாதையை நனைக்க, அந்த ஈரத்தில் சூரியனின் குதிரைகளும் தேர்ச்சக்கரமும் வழுக்குகின்றன. சாரல் காலத்தில் பாறையில் கால் வைத்தவர்கள் இந்த மிகைக்கூற்றை உடனே ஒப்புக்கொள்வார்கள்.

இவ்விரண்டும் நாவில் பழகிய பின்னர், வசந்தவல்லி பந்தாடும் "செங்கையில் வண்டு கலின்கலின் என்று" என்னும் பாடலை முதலில் மெதுவாகவும் பிறகு விரைவாகவும் பாடிப் பாருங்கள். பொருளை அதன்பின் பார்த்துக்கொள்ளலாம்.

இனி முதலிலிருந்து படிக்கலாம். பல இடங்களில் விருத்தம் என்னும் நான்கடிச் செய்யுள் ஒன்று நிகழ்ச்சியைச் சுருக்கமாக அறிவிக்க, அதைத் தொடரும் கண்ணிகள் என்னும் ஈரடிப் பாடல்கள் அதையே விரித்துப் பாடுகின்றன. பொருள் புரியாத இடத்தில் அந்த விருத்தத்திற்குத் திரும்புவது உதவும். நிலவையும் மன்மதனையும் வசந்தவல்லி பழிக்கும் பகுதிகள் மரபு வழிப்பட்டவை என்பதால், முதல் வாசிப்பில் அவற்றை விரைந்து கடந்தாலும் குறையில்லை. ராகமும் தாளமும் குறிக்கப்பட்ட, உரையுடன் கூடிய பதிப்பையே வாங்குங்கள்.

1706 முதல் 1732 வரை மதுரையை ஆண்ட முத்து விசயரங்க சொக்கநாத நாயக்கர் இந்நூலுக்காகக் கவிராயருக்கு நிலம் அளித்தார் என்பதும், அது குறவஞ்சி மேடு என வழங்கியது என்பதும், முன்னுரையில் உங்கள் கண்ணில் படக்கூடிய செய்திகள். ஆயினும் முன்னுரையைப் பாடல்களுக்குப் பின்னரே படியுங்கள்.