அரிதான துறை மாணவர் வெளிநாட்டு மேற்படிப்பைத் திட்டமிடும் முறை

கிளிநொச்சி அறிவியல் நகரில் விவசாயமோ வவுனியாப் பல்கலைக்கழகத்தில் சுற்றாடல் விஞ்ஞானமோ பயிலும் மாணவர், நாட்டைத் தெரிவுசெய்வதற்கு முன், தமது ஆய்வு விருப்பத்தை ஒரே வாக்கியத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். வெறுமனே 'மண்ணியல்' என்று தேடுவதைவிட, 'வரண்ட வலயக் குளங்களில் வண்டல் படிதல்' என்று தேடினால், அப்பொருளில் ஆய்வுக்கட்டுரை எழுதிய பேராசிரியர்களின் பெயர்களே கிடைக்கும். தரவரிசைப் பட்டியலைவிட அப்பெயர்கள் பயன்மிக்கவை. இரணைமடுக் குளத்தின் நீரில் விளைந்த சோற்றை உண்டு வளர்ந்தவருக்கு அவ்வாக்கியம் எழுதுவது கடினமன்று.

ஒரே துறைப்பெயர் வெளிநாட்டில் வேறு பொருள் தரக்கூடும் என்பதால், ஒவ்வொரு பாடத்தின் உள்ளடக்கத்தையும் விரிவுரை மணித்தியாலங்களையும் காட்டும் பாடவிவரத்தை, துறைத்தலைவரின் கையொப்பத்துடன், பட்டம் பெறுவதற்கு முன்னரே பெற்றுக்கொள்வது நன்று. பலரும் தவறவிடுவது இதனையே.

ஜேர்மனியின் பெரும்பாலான அரச பல்கலைக்கழகங்கள் கல்விக் கட்டணம் அறவிடுவதில்லை. ஆயினும் பாடன் வூர்ட்டம்பேர்க் மாநிலம், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோரிடம் அரையாண்டுப் பருவமொன்றுக்கு 1,500 யூரோ பெறுகிறது. ஐரோப்பிய ஒன்றியம் வழங்கும் எராஸ்மஸ் முண்டுஸ் கூட்டு முதுமாணிப் புலமைப்பரிசில் மாதம் 1,400 யூரோ வழங்குகிறது. ஐஇஎல்டிஎஸ் எனும் ஆங்கில மொழித்திறன் தேர்வின் பெறுபேறு 2 ஆண்டுகளே செல்லுபடியாகும் என்பதால், விண்ணப்பக் காலம் நெருங்கிய பின் அதற்குத் தோற்றலாம். கடவுச்சீட்டை வவுனியாவிலேயே விண்ணப்பித்துப் பெறலாம்.