'டோஸ்கா'வுக்கு செட் போடுவது எப்படி?

வசனத்துக்குப் பதில் பாட்டாகவே நடக்கும் மேடை நாடகமான ஓபராவுக்கு செட் போட உட்காரும்போது பென்சிலை ஓரமாக வையுங்கள். முதலில் இசைப் பிரதியைப் படியுங்கள். யார் எதைக் கையில் எடுக்கிறார்கள், எந்த வழியாக வருகிறார்கள் என்று ஓரத்தில் குறித்துக்கொண்டே போனால் பாதி வேலை முடிந்த மாதிரி.

இத்தாலிய இசையமைப்பாளர் புச்சினியின் 'டோஸ்கா'வையே எடுத்துக்கொள்வோம். டோஸ்கா என்பது கதாநாயகியின் பெயர். 1900இல் ரோமில் அரங்கேறியது. கதை நடப்பது 1800 ஜூனில், அதே ஊரில். முதல் அங்கம் நடக்கும் சாந்தாந்திரேயா தெல்லா வால்லே தேவாலயம் இன்றும் இருக்கிறது. போய்ப் பார்த்தால் அப்படியே நகலெடுக்கத்தான் கை துறுதுறுக்கும். ஆனால் கதையில் தப்பி வந்த கைதி ஒளிந்துகொள்ளும் அத்தவாந்தி சிற்றாலயம் அங்கே கிடையாது. அதை நீங்கள்தான் கட்ட வேண்டும். மாதா சிலையின் காலடியில் அந்தச் சிற்றாலயத்தின் சாவி, ஒரு பக்கம் ஓவியன் ஏறி நின்று வரையும் சாரம், நடுவே காலியிடம். அங்க முடிவில் கோரஸ் மொத்தமும் உள்ளே வந்துவிடும். தூண் அழகாக இருக்கிறதே என்று நடுவில் நட்டு வைக்காதீர்கள்.

இரண்டாம் அங்கம்தான் உண்மையான சோதனை. ஃபர்னேசே மாளிகையில் வில்லனான போலீஸ் தலைவன் ஸ்கார்பியாவின் அறை. எழுதும் மேஜையும் சாப்பாட்டு மேஜையும் தனித்தனியாக இருக்கட்டும்: அவன் அனுமதிச் சீட்டு எழுதிக்கொண்டிருக்கும்போது டோஸ்காவின் கண்ணில் கத்தி பட வேண்டும். அதால் அவனைக் கொன்ற பிறகு இரண்டு மெழுகுவர்த்திகளை அவன் தலைக்கு இருபுறமும் வைத்து, சுவரில் இருக்கும் சிலுவையை எடுத்து மார்பில் வைப்பாள். அப்போது பாட்டு கிடையாது, இசைக்குழு மட்டும். அதனால் மெழுகுவர்த்தி இருக்கும் இடத்துக்கும் பிணம் விழும் இடத்துக்கும் எத்தனை அடி என்பதை இசைதான் முடிவு செய்யும். பியானோ வாசிப்பவரை உட்காரவைத்து, நீளப் பாவாடை ஒன்றைக் கட்டிக்கொண்டு நீங்களே நடந்து பாருங்கள். சிலுவையைக் கம்பி போட்டுக் கட்டாதீர்கள். கொக்கியில் மாட்டினால் போதும், கையோடு வரும்.

அப்புறம் சத்தம். ஓபராவில் மைக் கிடையாது. பாடுபவருக்குப் பின்னால் கனமான துணியைத் தொங்கவிட்டால் குரலைக் குடித்துவிடும். மரப்பலகைச் சுவர் குரலைப் பார்வையாளர் பக்கம் திருப்பிவிடும். எங்கே நின்றாலும் இசை நடத்துபவர் கண்ணில் பட வேண்டும் என்பதையும் பாடகர்கள் கேட்காமலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் 1:25 அளவில் அட்டை மாடலாகச் செய்துகொள்ளுங்கள். அதில் ஆள் உயரம் ஏறக்குறைய 7 செ.மீ. மேல் மாடியின் ஓரத்து இருக்கை எங்கே வருமோ அங்கே கண்ணை வைத்துப் பாருங்கள். பிணம் தெரியவில்லையா? மேஜையை நகர்த்துங்கள்.

கடைசி அங்கத்தில் சாந்தாஞ்சலோ கோட்டை மதிலிலிருந்து டோஸ்கா குதிக்கிறாள். மெத்தைக்குப் பதில் ட்ராம்போலின் போட்டதால் குதித்தவள் மதிலுக்கு மேல் மறுபடி மறுபடி தலைகாட்டினாள் என்று ஓபராக்காரர்கள் ஒரு கதை சொல்வார்கள். உண்மையோ பொய்யோ, மெத்தை தடிமனாக இருக்கட்டும். பக்கத்தில் கைகொடுக்க ஒரு ஆள், இறங்கி வரப் படி, காலடிக்குச் சின்ன விளக்கு. திரை விழுந்ததும் கைதட்டலுக்கு அந்தப் பாடகி முன்னால் ஓடி வர வேண்டுமே.